பதினான்கு மாத்திரைப் பொட்டலம்

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் காலடியில் கிடக்கும் வெள்ளை உப்பே கண்ணைக் கூசவைத்து ஆளை விரட்டும். அதனால் இருட்டோடு பாத்தியில் இறங்கி, உப்பை வாரிக் குவித்து, வெயில் உறைக்குமுன் கரையேறப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சு பிசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் வாயு. முதல் மருந்து ஒரு சோடா. ஏப்பம் வந்தும் வலி விடவில்லையென்றால் ஓமமும் இஞ்சியும். பிறகு நிழலில் கொஞ்சம் சாய்ந்து பார்ப்பது. அதற்குப் பிறகுதான் வண்டி தேடுவது. கடற்கரையை விட்டு உள்ளே வந்தால், திண்டிவனம் போகும் வழியில் பெருமுக்கல். அங்கே வயலில் நிற்கிறவருக்கும் கல் உடைக்கிறவருக்கும் இதே வரிசைதான்: வாயு, சோடா, சாய்தல், வண்டி.

இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். பல தடவை அது வாயுவாகவே இருந்திருக்கிறது, சோடாவுக்கே கேட்டிருக்கிறது. அனுபவத்தை நம்பித்தான் மனிதர் காத்திருக்கிறார். வாயுவாக இல்லாத அந்த ஒரு தடவைதான் சிக்கல். இதயத் தசைக்கு ரத்தம் நின்றால் அரை மணி நேரத்துக்குள்ளேயே அது சாகத் தொடங்கும்; பிறகு மணிக்கு மணி சேதம் பரவும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் குழு நாடெங்கும் 89 மருத்துவமனைகளில் 20,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைக் கணக்கெடுத்து 2008இல் லான்செட் இதழில் வெளியிட்டது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்கும்வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஏழைகளுக்கு மருந்தும் சிகிச்சையும் குறைவாகக் கிடைத்தன, அவர்கள் அதிகமாகச் செத்தார்கள். சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துவிட்டால் சாவில் இருந்த வித்தியாசமும் மறைந்துபோனது.

அந்த ஆறு மணி நேரத்துக்குள் நுழைக்கப்பட்ட ஒரு சின்னப் பொட்டலத்தின் கதை இது. 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியென்று வருகிறவருக்கு, மாரடைப்பாக இருக்கலாம் என்று தோன்றினால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலும் உடனே 14 மாத்திரை கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது, அவ்வளவுதான் திட்டம். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல் 4, 10 மில்லிகிராம் அடார்வாஸ்டாட்டின் 8. தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் மட்டுமே 8,713 என்பதை நினைத்தால், இந்தப் பொட்டலம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது புரியும். ஒரு வேளைக்கு 14 மாத்திரை என்றதும் மிரள வேண்டாம். 300, 300, 80 என்ற மூன்று அளவுகளைச் சிறு மாத்திரைகளாகப் பிரித்ததால் வந்த எண்ணிக்கை அது.

பொட்டலத்துக்குள் இருக்கும் மூன்று மருந்துகளும் மூன்று நாட்டுப் பிள்ளைகள். ஒன்றைக்கூட மாரடைப்பு வந்தவரின் முதல் மணி நேரத்தை மனத்தில் வைத்து யாரும் தேடவில்லை.

தேடியிருக்கவும் முடியாது. மாரடைப்பில் என்ன அடைக்கிறது என்பதிலேயே மருத்துவர்களுக்கு நெடுநாள் சண்டை. சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இலேயே இதயக் குழாயில் ரத்தம் உறைவதைப் பற்றி எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரேதப் பரிசோதனையில் சில உடல்களில் உறைகட்டி இருந்தது, சிலவற்றில் இல்லை. அதனால், தசை செத்த பிறகுதான் கட்டி உண்டாகிறது, கட்டி காரணமல்ல, விளைவு என்று ஒரு கூட்டம் அடித்துச் சொன்னது. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதே சிகிச்சையாக இருந்த காலம் அது. 1980இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்து மார்கஸ் டிவுட், வலி கண்ட நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கே துணிந்து ஆஞ்சியோகிராம் எடுத்தார். 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுதாக அடைத்திருந்தது. நேரம் கழித்து எடுத்தவர்களிடம் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியைக் கரைத்துவிடுகிறது, ஆனால் தசை செத்த பிறகு. பிரேதத்தில் கட்டி காணாமல்போன மர்மம் இதுதான்.

கட்டி எப்படி உண்டாகிறது என்பது எளிது. குழாயின் உள்சுவரில் வருடக்கணக்கில் படிந்த கொழுப்புத் திட்டு ஒரு நாள் வெடிக்கிறது. அரிவாள் பட்ட காயம்போலத்தான் உடம்பு அதைப் பார்க்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. வெளியே காயத்தில் உயிர் காக்கிற அதே காரியம் உள்ளே உயிரைக் குடிக்கிறது.

ஆஸ்பிரினின் வேர் வில்லோ மரப்பட்டையில் இருக்கிறது. நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலைக்கு அது உறவு. 1763இல் இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் அந்தப் பட்டைப்பொடி காய்ச்சலுக்குக் கேட்கிறது என்று எழுதினார். 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஆஸ்பிரினைத் தூய வடிவத்தில் செய்தார். மூட்டு வலிக்கும் காய்ச்சலுக்குமான மருந்து. இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவது. இந்த வகை மருந்து இதயத்தைத் தளர்த்திவிடும் என்று பயந்து, நிறுவனத்தின் மருந்தியல் தலைவர் ஹைன்ரிஷ் டிரெசர் முதலில் இதை ஒதுக்கிவைத்தார். சந்தைக்கு வந்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. இதயத்தைப் பாதிக்காது என்று விளம்பரத்தில் போட்டு விற்க வேண்டியிருந்தது. இன்று அதே மாத்திரையை இதயத்துக்காகவே கோடிப்பேர் விழுங்குகிறார்கள்.

இதயத்துக்கு ஆகும் என்று முதலில் உரக்கச் சொன்னவர் பெரிய ஆராய்ச்சியாளர் அல்ல, கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் ஊரில் இருந்த பொது மருத்துவர் லாரன்ஸ் கிரேவன். தொண்டைச் சதை அறுவை செய்தவர்கள் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை மென்றார்கள். அதிகம் மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் ஒழுகியது. ரத்தம் உறையாமல் செய்கிற பொருள் இதயக் குழாயிலும் உறையவிடாது அல்லவா என்று அவர் கணக்குப் போட்டார். தன்னிடம் வந்த ஆண்களுக்கெல்லாம் தினமும் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்து, 1956இல் 8,000 பேரைப் பற்றி எழுதினார். மருந்து சாப்பிடாதவர்களோடு ஒப்பிடவே இல்லை. எழுதியதும் சிறு இதழில். யாரும் மதிக்கவில்லை. அடுத்த வருடம் கிரேவனே மாரடைப்பில் இறந்தார். அவரும் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர் என்பது அவருடைய கட்சியைத் தோற்கடித்ததாக அப்போது தோன்றியிருக்கும்.

விளக்கம் 1971இல் லண்டனில் ஜான் வேனிடமிருந்து வந்தது. அதற்கு 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது. தட்டணுவில் அந்த நொதி போனால், ஒட்டச்சொல்லிக் கூப்பிடும் வேதிப்பொருள் உண்டாகாது. மற்ற செல்கள் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, செய்துகொள்ள வழியில்லை. ஒரு தடவை ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை, ஒரு வாரம் பத்து நாள், ஊமையாகவே திரியும்.

தீர்ப்பு 1988இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ், பீட்டர் ஸ்லைட் ஆகியோர் நடத்திய ஐசிஸ்-2 ஆய்வில் 16 நாடுகளின் 417 மருத்துவமனைகளிலிருந்து 17,187 மாரடைப்பு நோயாளிகள். சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்குக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லாமல் வெற்று மாத்திரையும் வெற்று ஊசியும். ஐந்து வாரத்தில் ஒன்றும் பெறாதவர்களில் இறந்தது 100க்கு 13.2 பேர், இரண்டும் பெற்றவர்களில் 8. தனி ஆஸ்பிரின் ஏறக்குறைய விலையுயர்ந்த ஊசியளவுக்கே உயிர் காத்தது. முதல் மாத்திரையை மென்று தின்னச் சொன்னார்கள், சீக்கிரம் ரத்தத்தில் சேரட்டும் என்று. இன்றும் மெல்லத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி, முதியவருக்கு எப்படி என்று பிரித்துப் பிரித்துக் காட்டுங்கள் என்று இதழ் கேட்டது. அப்படிச் சிறு கூறுகளாக அறுத்தால் தற்செயலும் உண்மைபோலத் தெரியும் என்பதைக் காட்டவேண்டி, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை, மற்றப் பத்து ராசிக்கும் அமோகமாக ஆனது! (அது பிறந்த மாதத்தை வைத்த மேல்நாட்டு ராசி, நம் நட்சத்திரக் கணக்கு வேறு. எதற்கும் சொல்லிவைக்கிறேன்.)

குளோபிடோக்ரெலின் கதை குறுகியது. பிரான்சின் தூலூஸ் நகரத்தில் 1970களின் தொடக்கத்தில் வீக்கம் குறைக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் டிக்ளோபிடின் சிக்கியது. வீக்கத்துக்கு அல்ல, தட்டணுவுக்குத்தான் அது ஆகும் என்று பிறகு தெரிந்தது. சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது. அதைத் திருத்திப் பிறந்த தங்கை குளோபிடோக்ரெல், 1997இல் விற்பனைக்கு வந்தது. அது தட்டணுவின் மேல் எந்தப் பூட்டில் நுழைகிறது என்று அறிவியல் அடையாளம் கண்டது 2001இல். சாவி கடைக்கு வந்து நான்கு வருடம் கழித்துப் பூட்டு கிடைத்தது! இதைக் கல்லீரல் மாற்றிக்கொடுத்தால்தான் வேலை செய்யும். தினம் ஒன்றாகச் சாப்பிட்டால் முழுப் பலனுக்கு நாட்கள் ஆகும். அதனால்தான் முதல் தடவை நான்கு மாத்திரை சேர்த்து 300. அந்த அளவை மாரடைப்பில் சோதித்த கிளாரிட்டி ஆய்வும், தினம் 75 என்ற அளவை 45,852 சீன நோயாளிகளிடம் சோதித்த காமிட் ஆய்வும் ஒரே வருடத்தில், 2005இல், ஆஸ்பிரினோடு இதையும் சேர்ப்பது நல்லது என்றன.

மீதி எட்டு மாத்திரை ஜப்பானின் பூஞ்சையிலிருந்து தொடங்குகிறது. அகிதா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் 1933இல் பிறந்த அகிரா எண்டோ, பூஞ்சைகள் தங்களைத் தாக்கும் கிருமிகளுக்கு எதிராக ஏதாவது சுரக்கும், அது கொலஸ்ட்ரால் உண்டாவதைத் தடுப்பதாகவும் இருக்கலாம் என்று நினைத்தார். 6,000 வகைகளைச் சலித்தார். 1973இல் கியோட்டோவின் தானியக் கடை அரிசியில் பிடித்த நீலப்பச்சைப் பூஞ்சையில் காம்பாக்டின் கிடைத்தது. எலியிடம் அது பலிக்கவில்லை. அவர் வேலை செய்த நிறுவனம் கைகழுவப் பார்த்தது. முட்டையிடும் கோழிகளை ஆய்வுக்கு வைத்திருந்த சகஊழியர் ஒருவர் தற்செயலாகப் பேச்சுக்கு அகப்பட, கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது. ஆனாலும் 1980இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. ஸ்டாட்டின் என்ற இந்த வகையில் முதல் மருந்தை 1987இல் அமெரிக்காவின் மெர்க் விற்றது. அந்த வரிசையில் வந்த அடார்வாஸ்டாட்டினை 1985இல் புரூஸ் ராத் செய்தார். 2011இல் அமெரிக்காவில் அதன் காப்புரிமை முடியும்வரை உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்துகளில் அதுவும் ஒன்று. 2024இல் மறைந்த எண்டோவுக்கு ஸ்டாட்டின் விற்பனையில் பங்கு எதுவும் வந்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இந்த எட்டுதான். முதல் மணி நேரத்துக்கான சான்று மிகவும் மெலிந்திருப்பதும் இந்த எட்டுக்குத்தான். ஸ்டாட்டினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அடுத்த மாரடைப்பு தள்ளிப்போகும் என்பதில் ஐயமே இல்லை. அவசரமாகப் பெரிய அளவில் கொடுப்பதைப் பிரேசிலில் 4,191 பேரிடம் சோதித்து 2018இல் முடிவு சொன்னார்கள்: மொத்தத்தில் குறிப்பிடும்படியான பயன் இல்லை, ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களிடம் மட்டும் பயன் தெரிந்தது. கெடுதல் இல்லை, விலை குறைவு, எப்படியும் நாளையிலிருந்து சாப்பிடவேண்டிய மருந்து; அதனால் கூடவே போகிறது. உயிரை இழுத்துப்பிடிக்கிற வேலை மற்ற ஆறினுடையது, அதிலும் மென்று தின்கிற அந்த இரண்டினுடையது.

மாத்திரை மட்டும் போதாது, வாயுவா மாரடைப்பா என்று உறுதியாகச் சொல்ல ஈ.சி.ஜி. வேண்டும். நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க ஐந்து பேர். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். உடம்பின் மின்சாரத்தைக் கருவிக்குக் கடத்தியது அந்த உப்புதான். மரக்காணத்துக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால், வேலை நேரத்தில் நாங்களும் இப்படித்தான் இருக்கிறோம் என்பார்கள். நோயாளியைத் தூக்கி அந்தக் கருவியிடம் கொண்டுவர முடியாததால், மருத்துவமனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பை வரவழைத்தார் ஐந்தோவன். 1905இல்! பெருமுக்கல் மலைக் குகையில் ஆதிமனிதர் செதுக்கிய பாறைக் கீறல்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. ஈ.சி.ஜி. தாளின் கீறல்களுக்கு அந்தக் கதி இல்லை. கீறல் ஒரு ஊரில் இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர் இன்னொரு ஊரில் இருக்கலாம் என்பது அந்தக் கருவியோடேயே பிறந்த யோசனை.

அந்த யோசனை தமிழ்நாட்டில் உருப்பெற்றது 2012இல். கோயம்புத்தூரின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முள்ளசாரியும் மற்றவர்களும் சேர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, நான்கு வட்டாரங்களில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு வலைபோலப் பின்னினார்கள். முதலில் போய்ச் சேர்கிற சிறிய இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்து, மேலே அனுப்பிப் படித்து, கட்டி கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி, கேத் லேப் (இதயக் குழாய்ச் சோதனைக் கூடம்) இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் மறுநாளைக்குள் ஆஞ்சியோகிராம். 2017இல் வெளிவந்த முடிவு: 2,420 நோயாளிகளில், வலை பின்னுவதற்கு முன் வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தது 100க்கு 17.6, பின் வந்தவர்களில் 14.2. இத்தனைக்கும் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததை வரிசைப்படுத்தினார்கள்.

இதய வைத்தியத்தின் முன்னேற்றம் என்றால் ஸ்டென்ட்டையும் கால் வழியாக வால்வு மாற்றுவதையுமே எழுதுவது வழக்கம். எழுதட்டும். என் கணக்கில், ஆஸ்பிரினைச் செய்ததற்கு நிகரான கண்டுபிடிப்பு அதை எங்கே வைப்பது என்று முடிவுசெய்தது. பெருமுக்கல்காரர் ஒருவர் கேத் லேப்பைத் தேடினால் புதுச்சேரி ஜிப்மருக்கோ விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோதான் பார்க்கவேண்டும். பேருந்தோ ஆட்டோவோ ஆம்புலன்சோ, சாலைக்கு அதன் நேரம் உண்டு. அந்த நேரம் முழுவதும் தட்டணுக்கள் சும்மா இருப்பதில்லை. வண்டி வருமுன்பே அவற்றின் வாயைக் கட்டிவிடுவதுதான் பொட்டலத்தின் வேலை.

அப்படியானால் வீட்டிலேயே ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நெஞ்சு வலி எல்லாம் கட்டியால் வருவதல்ல. மகாதமனியின் சுவர் கிழிந்தாலும் இதே வலி வரும். அப்போது ரத்தம் உறையாமல் செய்வது கொலைக்குச் சமம். குடற்புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கும், மூளையில் கசிந்தவருக்கும் அப்படியே. அதனால்தான் பொட்டலம் பெட்டிக்கடைக்குப் போகாமல் செவிலியரின் அலமாரியில் இருக்கிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கத் தெரிந்த ஒருவர் நான்கு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டிய மருந்து அது.

அலமாரிக்கு ஒரு நேரம் இருக்கிறது என்பதுதான் மீதிக் கதை. துணை சுகாதார நிலையம் பகலில் இயங்குவது. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியருக்குத் தடுப்பூசியும் கர்ப்பிணிகளும் வீட்டுக்கு வீடு நடையும் உண்டு. மாரடைப்போ அலுவல் நேரம் பார்ப்பதில்லை. நாளின் மற்ற நேரத்தைவிட, காலைப் பொழுதில் அது அதிகம் என்று ஜேம்ஸ் முல்லர் குழு 1985இலேயே காட்டிவிட்டது. உப்பளத்தில் ஆள் இறங்குவது அந்த நேரத்தில். 108ஐ அழைக்கலாம், வரும். அதுவரை சுற்றிலும் விளக்கெரிவது டீக்கடை ஒன்றில்தான். அங்கே சோடா கிடைக்கும்.